பென்சிலில் எழுதிய தேதி

எனக்குப் பென்சில் சீவப் பிடிக்கும். சீவல் அறுபடாமல் சுருளாக வந்தால் அன்றைய நாள் நன்றாகப் போகும் என்று ஒரு நம்பிக்கை. எங்கள் ஸ்கேன் பிரிவில் தேதிப் புத்தகத்தைப் பென்சிலில்தான் எழுதுவோம். எம்.ஆர்.ஐ. மெஷினுக்கு வாரம் ஒரு நாளாவது உடம்பு சரியிருக்காது; பேனாவில் எழுதினால் புத்தகம் முழுக்க அடித்தல் திருத்தலாகிவிடும். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம், ஸ்ரீஹர்ஷா சார்.

பக்தவச்சலம் அண்ணனின் கால்கள் போனதில் என் பங்கு என்ன என்று எழுதித் தரச் சொன்னீர்கள். கன்னடம் பேச வரும், எழுத வராது என்றேன். தமிழிலேயே எழுதுங்கள், மொழிபெயர்த்துக்கொள்கிறோம் என்று எதிரில் உட்கார்ந்துவிட்டீர்கள். விசாரணை அதிகாரி என்றால் கத்துவார் என்று பயந்திருந்தேன். உங்களுக்கு நல்ல மனசு. அதனால் எதையும் மறைக்கப் போவதில்லை.

என் பெயர் கிரேஸ். கோலார் தங்கவயல்காரி, இப்போது நீலசந்திராவில் இருக்கிறேன். பதினோரு வருடமாக அந்த ஜன்னலில் தேதி கொடுத்தேன். தேதி என்றால் இரண்டு மாதம் கழித்து. வலியோடு வருகிறவர்கள் அதைக் கேட்டதும் காலண்டரைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். "அதுவரைக்கும் என்ன சிஸ்டர் பண்றது?" என்பார்கள். நான் நர்ஸ் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிற எந்தப் பெண்ணும் சிஸ்டர்தான்.

முதலில் மாட்டியவர் சிவாஜிநகர் துணிக்கடை மரகதம் அம்மா. இடுப்பு வலி. "எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீங்க?" என்று பேச்சுக்குக் கேட்டேன். இடது பக்கம் என்றார். வலது பக்கம் படுங்கள், முட்டிகளுக்கு நடுவில் ஒரு தலையணை வையுங்கள் என்றேன். நாலாம் நாள் வந்து, ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு என் கன்னத்தைக் கிள்ளினார். "டாக்டருங்க யாரும் இதக் கேக்கலம்மா." அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றபடியே சிரித்துக்கொண்டு போனேன். வீட்டில் கல்யாணமா என்று கண்டக்டர் கன்னடத்தில் கேட்டார்.

அதற்கப்புறம் வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஒருவருக்கு வெந்நீர், ஒருவருக்கு உப்பு ஒத்தடம், ஒருவருக்கு மொட்டைமாடியில் நடை. தேதி வாங்கியவர்கள் போகாமல் எனக்கென்று தனி வரிசையில் நின்றார்கள். டாக்டரம்மா என்றார்கள். இல்லை என்று சொல்ல வாயெடுப்பேன், சிரிப்புதான் வரும்.

பக்தவச்சலம் அண்ணன் அக்டோபரில் வந்தார். சந்தாபுராவில் கம்பெனி வேன் ஓட்டுகிறவர், நாற்பத்தாறு வயது. இடுப்பில் தொடங்கி இடது கால் வரை சுண்டி இழுக்கும் வலி. பேச்சைக் கேட்டதுமே எங்கள் ஊர் என்று தெரிந்துவிட்டது. "எந்த லைன்ணா?" என்றேன். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பை நாங்கள் லைன் என்போம். எங்கள் லைனுக்கு இரண்டு லைன் தள்ளி அவருடையது. என் அப்பாவும் அவர் அப்பாவும் ஒரே சுரங்கத்தில் இறங்கியவர்கள். அவ்வளவுதான், டாக்டர் எழுதிய சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். "நம்ம லைன் பொண்ணு இருக்கறப்ப நமக்கென்ன கவல?" என்று மனைவி தனலக்ஷ்மியிடம் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அவருடைய தேதி டிசம்பர் ஒன்பது. அதற்கு இரண்டு நாள் முன்பு போன் செய்தார். "ஸ்கேன் எடுத்து பெரிய டாக்டராண்ட காட்டிட்றேம்மா. இனிமே உனக்குத் தொந்தரவு குடுக்க மாட்டேன்." போனை வைத்துவிட்டு ரப்பரை எடுத்தேன். ஒரு பெயர் அழிய மூன்று தேய்ப்பு போதும். மெஷின் ரிப்பேர், ஜனவரியில் வேறு தேதி என்று அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை. வழக்கம்தானே.

ஜனவரியில் கால் மரத்துப்போகிறது என்றார். மரத்துப்போனால் வலி வெளியே போகிறது என்று அர்த்தம், உப்புப் போட்ட வெந்நீரில் காலை வையுங்கள் என்றேன். அடுத்த வாரம் பாதமெல்லாம் கொப்புளத்தோடு, ஒரு பை அவரைக்காயும் தூக்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வந்தார். "வெந்நி கூட சுடலம்மா, பாரேன்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜை சௌம்யா எட்டிப் பார்த்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாள் வேறில்லை. அந்த மாதத் தேதியையும், அதற்குப் பதில் பிப்ரவரி முதல் வாரத்தில் எழுதிய தேதியையும் அழித்தேன்.

பிப்ரவரியில் தனலக்ஷ்மி அண்ணி போன் செய்தார். "ரெண்டு நாளா ஒண்ணுக்கே போகலம்மா. வர்றது கூடத் தெரியலையாம்." பார்லி கஞ்சி கொடுக்கச் சொன்னேன். மறுநாள் அண்ணன் குளியலறையில் விழுந்தார். வேறு ஆஸ்பத்திரியில் அன்றே ஸ்கேன், அன்றே ஆபரேஷன். முதுகெலும்பு வட்டு பிதுங்கி நரம்பை நசுக்கியிருந்ததாம். டிசம்பரில் பார்த்திருந்தால் நடந்திருப்பார் என்று அந்த டாக்டர் சொன்னது உங்கள் கோப்பில் இருக்கிறது. இனி அவருக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. ஆனால் வலிக்கிறதா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். இல்லை என்பார். நான் அவருக்குச் சொன்ன வாக்கு அதுதான்.

மூன்று முறை அழித்தது நான்தான். அந்த மூன்று நாளும் மெஷின் ஓடியது. ரிப்போர்ட் வந்துவிட்டால் அவர் டாக்டரிடம் போய்விடுவார், என்னிடம் ஏன் வருவார்? மூன்றாவது தேதியை வீணாக்கவில்லை. எனக்குக் கழுத்து வலித்தது, பயமாகவும் இருந்தது. அவருடைய நேரத்தில் நானே போய் மெஷினில் படுத்துக்கொண்டேன். ஒன்றுமில்லை என்று வந்தது.

என் வாக்குமூலம் இவ்வளவுதான். நான் எழுதி முடிப்பதற்குள் நீங்கள் நாலு முறை நாற்காலியில் அசைந்தீர்கள், இரண்டு முறை இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தீர்கள். மொழிபெயர்ப்புக்கு அனுப்ப அவசரமில்லை. ஸ்கேனுக்கும் அவசரப்பட வேண்டாம். இதை மட்டும் சொல்லுங்கள் சார், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீர்கள்?