ஏழாம் பதிப்பில் ஒரு கோடு

என் வாழ்நாளில் ஒரு நாணயத்தைக்கூட நான் கழுவியதில்லை, மேடம். நிறைய பேர் கழுவுகிறார்கள். புளி போட்டுத் தேய்க்கிறார்கள், பற்பசை போடுகிறார்கள், பாத்திரம் துலக்கும் பொடியைப் போட்டுப் பளபளவென்று ஆக்கிவிட்டு ஆசையாக என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு பொருள் நம் கைக்கு எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான். இதை முதலிலேயே சொல்லக் காரணம், பொருள்களைப் பாழாக்குகிறவன் என்று என்னை நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

பெயர் தேவானந்தம். வயது அறுபத்தேழு. முப்பத்தோரு வருஷம் பள்ளியில் கணக்கு எடுத்தேன். வீடு கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோட்டுக்கு உட்புறம். ஒன்பது வருஷமாக எங்கள் திருச்சபையின் செயலாளர். ரைட்டர் சார், செயலாளருக்குப் பள்ளிக்கு வருகிற 'ள'. ஆமாம், அதுதான். நன்றி.

நாணயம் சேர்ப்பதில் நான் மனிதர்களை நம்புவதில்லை. பட்டியலைத்தான் நம்புவேன். நாணய விலைப்பட்டியல் என்று ஒரு புத்தகம் இருக்கிறது. ஒவ்வொரு வருஷத்து நாணயத்துக்கும் ஒரு வரி. அந்த வரியில் நாலு கட்டம்: தேய்ந்தது, சுமார், நல்லது, கை படாதது. கட்டத்துக்கு ஒரு விலை. என்னிடம் இருப்பது ஏழாம் பதிப்பு. வேதாகமத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை வாசித்திருக்கிறேன். இதைப் பதினோரு முறை.

அதில் 1911ஆம் வருஷத்து வெள்ளி ரூபாய்க்கு ஒரு வரி. புதிதாகப் பட்டத்துக்கு வந்த ராஜாவின் தலை போட்ட ரூபாய். அவர் அங்கியில் சின்னதாக ஒரு யானை இருக்கும். தும்பிக்கையைக் குட்டையாகச் செதுக்கிவிட்டதால் அது பன்றி போலத் தெரிந்தது. ஜனங்கள் முகம் சுளித்தார்கள், சர்க்கார் பெரும்பாலானவற்றைத் திரும்ப எடுத்து உருக்கிவிட்டது. தப்பித்தவை இன்றும் கடைகளில் கிடைக்கும். சுமாரானது என்னிடமே மூன்று இருந்தன. ஆனால் பட்டியலில் அந்த வரியின் கடைசிக் கட்டத்தில், 'கை படாதது' என்ற இடத்தில், விலை இல்லை. ஒரு கோடு போட்டிருந்தது.

கோடு என்றால் என்ன அர்த்தம், மேடம்? அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை என்று அர்த்தம். யாராவது ஒருவர் பார்க்கும்வரை அந்தக் கோடு அங்கேயே இருக்கும். பல வருஷம் சாப்பிட்டு எழுந்ததும் அந்தப் பக்கத்தை ஒருதரம் திறந்து பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

2021இல் ஆலயத்துக்கு நூற்றுப்பத்து வயது. விழா மலர் போடுவதற்காக இரும்பு பீரோவிலிருந்து பழைய நடவடிக்கைக் குறிப்புகளை எடுத்தேன். செல்லரித்த முதல் நோட்டில், 1911 டிசம்பரில், யாரோ ஒரு நல்ல மனிதர் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'வடகிழக்கு மூலையில், அஸ்திவாரக் கல்லின்கீழ், ஈயப்பெட்டியில் சங்கீதப் புத்தகம் ஒன்றும், அன்றைய பத்திரிகை ஒன்றும், கஜானாவிலிருந்து நேராக வந்த புது ராஜாவின் ரூபாய் ஒன்றும், கையினால் தொடாமல் பட்டுத்துணியில் சுற்றி வைக்கப்பட்டன.'

கையினால் தொடாமல். அதை நான் மலரில் சேர்க்கவில்லை.

அந்த மூலையில் கல்லின்மேல்தான் மணிக்கூண்டுச் சுவர் நிற்கிறது. சுவரை இறக்காமல் கல்லை அசைக்க முடியாது. ராத்திரியில் போய்த் தோண்டுகிற பழக்கமும் எனக்கில்லை. ஆகவே முறைப்படி கமிட்டியில் தீர்மானம் கொண்டுவந்தேன். பழைய ஆலயத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்றேன்.

பொருளாளர் பிரிட்டோ கேட்டார், "சார், ரிப்பேர் பண்ணா முப்பது லட்சம். புதுசா கட்டினா மூணு கோடி. நல்லாதான நிக்குது? எதுக்கு சார் இடிக்கணும்?"

"ரிப்பேருக்கு யாரும் கல்வெட்டில் பேர் போட மாட்டார்கள், பிரிட்டோ" என்றேன்.

அவர் அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஏசி, லிப்ட், இரண்டு அடுக்குக் கார் நிறுத்துமிடம் எல்லாம் போட்ட வரைபடமே கொண்டுவந்துவிட்டார். கல்வெட்டுக்கு மட்டும் ஒரு தனிச் சுவர். ஆனாலும் ஓட்டெடுப்பில் ஏழுக்கு நாலு என்று தோற்றோம். அந்த ஏழு பேரில் என் மனைவி யூனிஸும் ஒருத்தி. வீட்டுக்கு வந்ததும், "நம்ம கல்யாணம் நடந்த எடங்க அது. உங்களுக்கு எப்படி மனசு வந்துது?" என்றாள். நியாயமான கேள்வி. அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

ஏழு பேர் வேண்டாம் என்றால், ஏழு பேருக்கும் ஒரு காரணம் தேவை. கட்டடத்தின் கூரை பழைய மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்கள், அதன்மேல் செங்கல், சுண்ணாம்பு. மேலே மழைநீர் போவதற்கு நாலு ஓட்டைகள். செயலாளர் என்கிற முறையில் மாடிச் சாவி என்னிடம்தான் இருந்தது. இரண்டில் கோணியை நன்றாக அடைத்துவைத்தேன். மற்ற இரண்டில் கை வைக்கவில்லை. எதையும் அளவோடு செய்ய வேண்டும்.

முதல் மழைக்காலத்தில் கூரையில் ஈரம் பூத்தது. இரண்டாவது வருஷம், அந்த 2023 டிசம்பர்ப் புயலில், எங்கள் பக்கமெல்லாம் மூழ்கிக் கிடந்தபோது மாடியில் முழங்கால் உயரத் தண்ணீர். மூன்று நாள் நின்றது. ஆலயத்தைப் பார்த்துக்கொள்கிற ஆபேல்தான் முதலில் கவனித்தார். மணி அடிப்பது, பெருக்குவது, பெஞ்சு துடைப்பது எல்லாம் அவர். இருபத்தாறு வருஷமாக.

"சார், மேல தண்ணி அப்பிடியே நின்னுகினு கீது சார். ஓட்டைல எதுனா அடைச்சிகினு இருக்கும். ஒரு தபா ஏறிப் பாத்துட்டு வரட்டா?" என்றார்.

"முழங்கால் வலியை வைத்துக்கொண்டு நீங்கள் ஏறக் கூடாது, ஆபேல். நான் ஆள் விட்டுப் பார்க்கிறேன்" என்றேன். சந்தோஷப்பட்டார். அவரைப் பற்றி அக்கறைப்பட அதிகம் பேர் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே பெண் சுஜி, சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வேலை.

தண்ணீர் வடிந்த பிறகு கூரையில் ஒரு வெடிப்பு வந்தது. இடப்பக்கம், இரண்டாவது பெஞ்சுக்கு நேர் மேலே. சுவரோரம் அதன் நுனி வந்த இடத்தில் வாராவாரம் பென்சிலால் கோடிட்டுத் தேதி போட்டு வந்தேன். ஜனவரி மூன்றாம் வாரம் அது போகிற வேகத்தைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு பகுதி விழும் என்று கணக்கிட்டேன். சனிக்கிழமை காலையிலேயே விழுந்தது. ஒரு நாள் பிழை. ஆபேல் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

அடுத்த வாரக் கூட்டத்தில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. யூனிஸும் கை தூக்கினாள். அழுதுகொண்டே தூக்கினாள், ஆனால் தூக்கினாள். புது ஆலயத்தில் ஆபேல் பெயரில் கைகழுவும் தொட்டி ஒன்று வைப்பதாகவும் முடிவாயிற்று. அது என் யோசனை.

ஜூன் மாதம் இடித்தார்கள். மணிக்கூண்டுச் சுவர் கடைசியில் இறங்கியது. அன்று யூனிஸுக்காகப் பீடத்துப் பக்கத்திலிருந்து முழுசாக ஒரு செங்கல் எடுத்து, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. இன்னும் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது.

ஈயப்பெட்டி குறிப்பில் சொன்ன இடத்திலேயே இருந்தது. மறுநாள் சபை முன்னிலையில் திறப்பதென்றும், அதுவரை செயலாளர் பொறுப்பில் இருக்க வேண்டுமென்றும் ஆயர் சொன்னார். வீட்டில் மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு, பருத்திக் கையுறையோடு பட்டுத்துணியைப் பிரித்தேன். மேடம், அதை எப்படிச் சொல்வது. நூற்றுப்பதிமூன்று வருஷம். ஒரு விரல் தடம் இல்லை. யானையின் காதுமடிப்புகூடத் தெரிந்தது. உண்மையாகவே பன்றி போலத்தான் இருந்தது.

அதற்குப் பதிலாக இன்னொரு ரூபாயை அதே பட்டில் வைத்து மூடினேன். நான் திருடவில்லை. ஒரு ரூபாயை எடுத்தேன், ஒரு ரூபாயை வைத்தேன். வைத்தது 1912ஆம் வருஷத்து ரூபாய். குரோம்பேட்டைக் கதிரேசன் கடையில் என் கைக்காசில் வாங்கியது.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மறுநாள் இருநூறு பேருக்குமேல் சுற்றி நின்றார்கள். 1911 டிசம்பரில் மூடிய பெட்டிக்குள் 1912ஆம் வருஷத்து ரூபாய். ஆயர் தூக்கிக் காட்டினார், எல்லாரும் செல்போனில் படம் எடுத்தார்கள், வாட்ஸப்பில் ஊருக்கே அனுப்பினார்கள். ஒருவர் கேட்கவில்லை. கூட்டத்தில் என்னிடம் கணக்குப் படித்தவர்கள் முப்பது பேராவது இருந்திருப்பார்கள்.

சுஜிகூட வந்திருந்தாள். "அங்கிள், அப்பா எப்பவும் உங்களப் பத்திதான் சொல்லிட்டே இருப்பாரு" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் நாணயத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்ததால் சரியாகப் பதில் சொன்னேனா என்று ஞாபகமில்லை.

அன்று சாயங்காலமே பட்டியல் தொகுப்பாளர் சத்யநாராயணனுக்குக் கடிதம் எழுதினேன். எப்படிக் கிடைத்தது என்று எழுதவில்லை, கிடைத்தது என்று மட்டும். கோட்டை எடுத்துவிட்டு ஒரு விலை போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. 'அன்புடையீர், ஏழாம் பதிப்பில் தாங்கள் சுட்டும் இடத்தில் கோடு விழுந்தது அச்சுப்பிழை. விலை ரூபாய் இருபத்திரண்டாயிரம் என்று இருக்க வேண்டும். கை படாத நாணயங்கள் பலரிடமும் உள்ளன. வாசகர்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

நான் கோபப்படவில்லை. புத்தகத்தில் அந்தக் கோட்டை மெல்ல அழித்துவிட்டுப் பென்சிலால் விலையை எழுதினேன். அச்சில் பிழை விடுகிறவர்களால் எவ்வளவு நஷ்டம் என்று நீங்களே பாருங்கள். நியாயமாக இந்த வழக்கை அந்த அச்சகத்தின்மேல்தான் போட வேண்டும். அதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

பிறகு நாணயத்தைக் கதிரேசனிடம் காட்டினேன். லென்ஸை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "பீஸ் சூப்பர் சார். ஆனா இதே மாதிரி ரெண்டு என் கைலயே வந்து போயிருக்கு. கோயில் கல்லுக்கு அடில இருந்து வந்துச்சுன்றீங்களே, அதுக்கு பேப்பர் எதுனா கீதா? பேப்பர் இருந்தா அது வேற ரேட்டு சார். உலகத்துலயே ஒண்ணுன்னு சொல்லலாம்."

"நானே எழுதிக் கையெழுத்துப் போட்டால்?"

"உங்க பொருளுக்கு நீங்களே எழுதினா எவன் சார் நம்புவான்? கவர்மென்ட் சீலு வேணும்."

யாரும் சந்தேகப்படாதபோது எதற்காக நீங்களாக வந்தீர்கள் என்று கேட்டீர்களே, மேடம், இதற்குத்தான். ஒரு வருஷம் யோசித்தேன். எந்த இடத்திலிருந்து, எந்தத் தேதியில், யார் கையால் எடுக்கப்பட்டது என்று அரசு முத்திரையோடு எழுதித்தரக்கூடிய இடம் இந்தப் போலீஸ் ஸ்டேஷன் ஒன்றுதான். நாணயத்தைப் பறிமுதல் செய்வீர்கள், தெரியும். அதற்கும் ரசீது தருவீர்கள் அல்லவா? அதுவும் நல்லதுதான். வழக்கு முடிகிறவரை எனக்குக் காத்திருக்கத் தெரியும்.

"அது ஆலயத்துச் சொத்து சார், உங்களுக்குத் திரும்பி வராது" என்கிறீர்கள். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். பதிலுக்கு நான் ஒரு ரூபாயைப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

ஆபேல் அங்கே உட்கார்ந்தது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். சொல்லிவிடுகிறேன், பாதி வரலாறு உள்ள பொருளை யாரும் தொட மாட்டார்கள். பெருக்கி முடித்துவிட்டு, எட்டு இருபதுக்கு பன்னும் டீயுமாக உட்கார்ந்தார். எட்டு இருபத்தாறுக்கு விழுந்தது. அந்த ஆறு நிமிஷமும் நான் அலுவலகக் கதவருகில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மண் உதிர்ந்துகொண்டே இருந்தது. ஒருமுறை அவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு தூசி விழாமல் டீ கிளாஸை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். 'ஆபேல்' என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் எழுந்து வந்திருப்பார். நான் கூப்பிட்டு அவர் வராத நாளே கிடையாது. ஆனால் காலியான பெஞ்சின்மேல் விழுந்தால் ஏழு பேர் மனம் மாறுவார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. அதனால் கூப்பிடவில்லை.

இதையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள், மேடம். சான்றிட்ட நகல் இரண்டாக வேண்டும். ஒன்று நாணயத்தோடு இருக்கும். இன்னொன்றை நானே சுஜியிடம் கொடுத்துவிடுகிறேன். பாவம், அப்பாவின் நினைவாக அந்தப் பெண்ணிடம் உருப்படியாக ஒன்றுமே இல்லை.