வண்டி மாற்றி ஓட்டிய அன்று நடந்தது

என் பெயரும் வீட்டு முகவரியும் இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் எழுதிக்கொள்ளப்பட்டு, அடையாள அட்டையுடன் சரிபார்க்கப்பட்டன. வயது முப்பத்தொன்பது. வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு, மோட்டார் சைக்கிள்களுக்கு சீட் கவர் தைத்துக் கொடுக்கிறேன். என் கணவர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். அவர் உயிரோடு இருக்கிறார். சென்ற சனிக்கிழமை நடந்த விபத்தில் இறந்தவர் என்று முதலில் பதிவானது அவர் பெயர். உண்மையில் இறந்தவர் அவருடைய நண்பர். இந்தத் தவறு எப்படி வந்தது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இறந்தவர் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். எல்லோரும் அவரை நட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் எப்போதும் நாலு நட்டு கிடக்கும், அது துணியோடு வாஷிங் மிஷினுக்குள் போய்க் கடகடவென்று உருளும், அவர் மனைவி அங்கிருந்தே கத்துவார். நான் அவரை நட்டு அண்ணன் என்பேன். அவர் மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அவரை அக்கா என்பேன். கூடப் பிறந்த அக்கா எனக்கு இல்லை, இவர்தான்.

என் கணவரும் நட்டு அண்ணனும் இன்னும் சிலரும் பழைய வண்டிகளை வாங்கிச் சரிசெய்து, விடுமுறை நாட்களில் ஒன்றாக ஓட்டிப் போகிறவர்கள். போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். என்னிடம் கார்புரேட்டர் இருக்கிறது, உன்னிடம் கண்ணாடி இருக்கிறதா என்று பேசி மாற்றிக்கொள்வார்கள். வீட்டில் சர்க்கரை தீர்ந்தது தெரியாது, ஊரில் யார் வீட்டு அட்டைப்பெட்டியில் என்ன ஸ்பிரிங் இருக்கிறது என்பது தெரியும். அதை வைத்து அக்காவும் நானும் அவர்களைக் கேலி செய்யாத நாள் கிடையாது.

அவர்களுக்குள் ஒரு விதி உண்டு. ஒருவர் இன்னொருவர் வண்டியின் பிரேக்கில் கை வைத்தால், கை வைத்தவர்தான் அந்த வண்டியை முதலில் சில நாள் ஓட்ட வேண்டும். சொந்தக்காரர் அதுவரை மற்றவர் வண்டியை வைத்துக்கொள்ள வேண்டும். ஏதாவது கோளாறு என்றால் அது செய்தவர் தலையோடு போகட்டும் என்பதற்காக வைத்த விதி. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் யாரும் மீறியதும் இல்லை. இந்த விதி எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அன்று எங்கள் இருவருக்குமே அது ஞாபகம் வரவில்லை.

என் கணவர் வண்டியின் முன் பிரேக்குக்கு ஒரு சாமான் வர வேண்டியிருந்தது. அது வர இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று என்னிடம் சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலை நான் ரெக்ஸின் வாங்கக் கடைக்குப் போய்விட்டேன். நான் போன பிறகு, வேறு ஒருவரிடமிருந்து அந்தச் சாமான் கிடைத்துவிட்டது என்று நட்டு அண்ணன் வந்து, எங்கள் வீட்டு ஷெட்டிலேயே பிரேக்கைக் கழற்றி மாட்டி, விதிப்படி என் கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பியிருக்கிறார். அதன் பிறகு என் கணவர் நட்டு அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு, பக்கத்து ஊரில் ஒருவரிடம் பெட்ரோல் டேங்க் பார்க்கப் போயிருக்கிறார். தன் போனைத் தன் வண்டியின் பக்கப் பையிலேயே மறந்துவிட்டார். இதெல்லாம் எனக்கு அன்று மாலைதான் தெரியும்.

நான் கடையிலிருந்து வந்து துணி வெட்டிக்கொண்டிருந்தபோது என் கணவர் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியவர் போக்குவரத்துக் காவலர். வண்டி நம்பரைச் சொல்லி, இது யாருடையது என்று கேட்டார். என் கணவருடையது என்றேன். ஆஸ்பத்திரிக்கு ஆண் துணையோடு வரச் சொன்னார். நான் போனை வைத்துவிட்டு மறுபடியும் அதே எண்ணுக்குப் போட்டேன். அதே காவலர் எடுத்தார். திரும்பவும் போட்டேன். அவர், "அம்மா, போடாதீங்கம்மா" என்றார்.

அதன் பிறகு என் கணவரின் மூத்த சகோதரருக்குச் சொன்னேன், அவர் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். இறந்தவர் போட்டிருந்த ஜாக்கெட் அவர் தன் தம்பிக்கு வாங்கிக் கொடுத்தது. அதை என் கணவர் போன வருடமே ஒரு ஜோடி வண்டிக் கண்ணாடிக்கு மாற்றாக நட்டு அண்ணனிடம் கொடுத்துவிட்டார் என்பது அவருக்குத் தெரியாது. முழங்கை கிழிந்த இடத்தில் நான் தைத்துக் கொடுத்த ஒட்டு அதில் இருந்தது. முகத்தைப் பார்க்கிற தைரியம் தனக்கு இல்லை என்று சொல்லி, ஜாக்கெட்டையும் வண்டியையும் போனையும் பார்த்து, தம்பிதான் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. நானே போயிருந்தாலும் என் தையலைத்தான் பார்த்திருப்பேன்.

நான் அக்காவுக்குப் போன் செய்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே ஸ்கூட்டரில் வந்துவிட்டார். வந்ததும் தையல் மிஷினிலிருந்து என்னை எழுப்பிக் கட்டிலில் உட்கார வைத்தார். கையில் கத்தரிக்கோல் இருந்தது, அதை விரல் விரலாகப் பிரித்து எடுத்தார். கொடியில் காய்ந்த என் கணவர் சட்டைகளை என் கண்ணில் படாமல் எடுத்து மடித்து உள்ளே வைத்தார். அக்கம்பக்கத்தார் வந்து கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர்தான் பதில் சொன்னார். நடுநடுவே தன் கணவருக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். அது சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. வண்டியில் உட்கார்ந்தால் இந்த மனிதருக்கு உலகமே மறந்துபோகும், இன்றைக்குப் பார்த்து இப்படிச் செய்கிறாரே என்று திட்டினார். அவர் வேலைக்குத் தன் வண்டியில்தான் போயிருக்கிறார் என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தார். என் கணவர் போனது தாங்காமல் தன் கணவர் இடிந்துபோவாரே என்று சொல்லிச் சொல்லி அழுதார். அது நட்டு அண்ணனுக்காக அழுத அழுகை என்று இப்போது நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அக்கா சொன்னது: "நான் இருக்கேன்டி. அவரும் இருக்காரு. உன்னைத் தனியா விட்டுருவோமா?"

அதற்கு நான் ஒரு பதில் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். "உனக்கென்னக்கா, உன் ஆளு சாயங்காலம் வந்துடுவாரு" என்றேன். வயிற்றெரிச்சலில்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் தெருமுனையில் நட்டு அண்ணன் வண்டிச் சத்தம் கேட்டது. அந்த வண்டியின் சைலன்சர் தகர டின்னில் கல்லைப் போட்டுக் குலுக்கியது மாதிரி சத்தம் போடும், யாருக்கும் தப்பாது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வந்துட்டாருடி. இனி எல்லாத்தையும் அவரு பாத்துப்பாரு" என்று சொல்லிவிட்டு, கேட்டைத் திறக்க வேகமாகப் போனார். நானும் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

வண்டி வாசலில் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியவர் என் கணவர்.

நான் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டேன். முகத்தை, காதை, கையைத் தொட்டுப் பார்த்தேன். அப்போது நான் சிரித்தேன். சத்தமாகச் சிரித்தேன். இந்த வரி வழக்குக்குத் தேவையா என்று எழுதுகிறவர் கேட்கிறார். அக்கா மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார், அவர் முன்னால் சிரித்தேன், ஆகவே அது இருக்கட்டும்.

அக்காவும் முதலில் சிரித்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். எனக்காகச் சந்தோஷப்பட்டுச் சிரித்தார். அதன் பிறகு வண்டியைப் பார்த்தார். அதன் பிறகு என் கணவருக்குப் பின்னால், இன்னொரு வண்டி வருகிறதா என்று தெருவைப் பார்த்தார்.

என் கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டில் ஏன் இத்தனை பேர் என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர், உங்கள் வண்டி விபத்தில் சிக்கிவிட்டது, நீங்கள் போய்விட்டதாகப் போலீஸில் சொன்னார்கள் என்றார். அப்போது என் கணவர் யோசிக்காமல் சொன்னார்: "என் வண்டி நட்டுகிட்டல்ல இருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே புரிந்தது. அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா கத்தவில்லை.  உள்ளே வந்து தன் கைப்பையை எடுத்தார், செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரியின் பெயரைக் காலையில் போனில் கேட்டு எல்லோருக்கும் சொன்னவர் அவர்தான், ஆனாலும் எந்த ஆஸ்பத்திரி என்று என்னிடம் கேட்டார். நானும் வருகிறேன் என்று எழுந்தேன். நீ வேண்டாம் என்றார். ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவி எங்கே என்று தேடியதைப் பார்த்து என் கணவர் எழுந்து வண்டியைக் கிளப்பினார். அக்கா தன் கணவர் வண்டியில் என் கணவருக்குப் பின்னால் உட்கார்ந்து போனார். அந்தச் சத்தம் தெரு தாண்டிக் கேட்காமல் போகும்வரை நான் வாசலிலேயே நின்றேன். அன்று காலையிலிருந்து நான் கும்பிட்டுக் கேட்டது கிடைத்துவிட்டது. அது யார் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அக்கா முகத்தைப் பார்த்து அடையாளம் சொன்ன பிறகு, பழைய தாள் ரத்து செய்யப்பட்டு வேறு தாள் எழுதப்பட்டது என்று என் கணவர் சொன்னார். அதற்கு மேல் அங்கே நடந்தது எனக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை. அவர் அன்றிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை.

பிரேக் சரியாக இருந்ததா என்று கேட்கப்பட்டது. தண்ணீர் லாரி ஒன்று ஏதோ ஒரு கட்டடத்தின் கேட்டிலிருந்து பின்பக்கமாகவே ரோட்டுக்கு வந்ததாகவும், வண்டி பிரேக் போட்ட தடம் ரோட்டில் நீளமாக இருப்பதாகவும் இங்கேதான் என்னிடம் சொன்னார்கள். ஆகவே நட்டு அண்ணன் மாட்டிய பிரேக் பிடித்திருக்கிறது. லாரிதான் நிற்கவில்லை. அவர் வேலையில் குறை இல்லை என்பதை அக்காவிடம் யாராவது தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பிறகு அவரிடம் வாக்குமூலம் எழுதி வாங்கப் போகிறார்கள். கணவர் இறந்தது எப்போது, யார் சொல்லித் தெரிந்தது என்ற கேள்வியை அவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும் என்கிறார்கள். அதை நான் மேலே சொல்லிவிட்டேன், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் என் பதிலையே எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். சட்டத்தில் அப்படி இடம் இல்லை என்று அதிகாரி சொன்னார். அப்படியென்றால் கேட்கும்போது நான் பக்கத்தில் இருக்கலாமா என்று கேட்டேன். அவருக்குச் சம்மதம் என்றால் இருக்கலாம் என்றார். அனுமதி வாங்கி வெளியே போய் அக்காவிடம் கேட்டேன். அன்றைக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டது இதுதான். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் புடவைத் தலைப்பில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"நீ வீட்டுக்குப் போடி. அவரு சாப்பிடாம உக்காந்திருப்பாரு."

நான் உள்ளே திரும்பி வந்து இதையும் சொன்னேன். எழுதப்பட்டது முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் சொல்லிக் கொடுத்தோ வற்புறுத்தியோ சொல்லவில்லை, எல்லாம் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்து இடுகிறேன்.

(கையெழுத்து)