மூலை மடிப்பு

— அந்த ரெண்டு மூலையைப் பிடிடா. நல்லா இழுத்துப் பிடி. காலேஜ்ல பாடம் நடத்துறானாம், ஒரு போர்வை மடிக்கத் தெரியல.

— சுருட்டி அலமாரியில வச்சா ஆச்சும்மா. உனக்கு பஸ்ஸுக்கு நேரமாகுது.

— உன்கூட தங்கியிருக்கிற லிப்ட்காரன் வண்டி கூட்டிட்டு வரட்டும். இப்பதானே போனான்.

— லிப்ட்காரனாம்! மெக்கானிக்னு சொல்லும்மா, கோவிச்சுக்குவான். ஏம்மா, ஒரு ராத்திரியாச்சும் தங்கிட்டுப் போயேன். காலையில வர்றே, சாயங்காலம் ஓடிடறே.

— எங்க தங்குறது? ரெண்டு கட்டில், ரெண்டு பேரு. நான் என்ன, அலமாரி மேலயா படுப்பேன்? அது கிடக்கட்டும். மாமா இப்ப போன் பண்ணுவாரு. உனக்குப் பார்த்திருக்கிற அந்தப் பொண்ணு வீட்டுக்கு இன்னைக்கே பதில் சொல்லணுமாம். என்ன சொல்ல?

— இப்ப வேணாம்னு சொல்லு.

— ஆறு வருஷமா இதே பாட்டு. நான் அவர் வீட்ல இருக்கேன், அவர் சோத்தைத் தின்னுறேன். எத்தனை தடவைடா சொல்றது? சரி, வா. உள் ரூம் கட்டிலையும் சரி பண்ணிட்டுக் கிளம்பறேன்.

— அதை விடும்மா, அது அவன் கட்டில். அவன் பாத்துக்குவான்.

— தினம் இதுலதான் படுக்கிறானா?

— பின்னே? நான் அந்த ரூம், அவன் இந்த ரூம்.

— நல்லாத் தூங்குறானா?

— அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவான்.

— புரளுவானா?

— ஐயோ, கட்டிலையே பேத்துடுவான். எதுக்கும்மா இதெல்லாம்?

— இங்க வா. குனிஞ்சு பாரு. விரிப்போட இந்த மூலை மடிப்பு யாரு போட்டது?

— அவன்தான். காலையில...

— முப்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டுல கட்டில் விரிச்சவடா நான். இது நர்ஸுங்க போடற மடிப்பு. போன தடவை வந்தப்ப நான் போட்டுட்டுப் போனது. எட்டு மாசமாச்சு, நூல் நகரல. கட்டிலையே பேக்குறவன் மூலையை மட்டும் விட்டுட்டுப் பேத்தானா?

— பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா, வா போலாம்.

— பேசுடா. கிளாஸ்ல அவ்வளவு பேசுறியே.

— அம்மா, நீ முதல்ல உட்காரு.

— நான் உட்கார்ந்துதான் இருக்கேன். நீதான் நிக்கிற, உட்காரு.

— அவன் இதுல படுத்ததே இல்லம்மா. நீ வர்ற அன்னைக்கு அவன் சட்டை ரெண்டை இங்க மாட்டி வைப்போம். அவ்வளவுதான். உன்கிட்ட சொல்லணும்னு ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். அப்புறம் நீ வர்றதையே நிறுத்திட்டா என்ன பண்றதுன்னு பயம். எனக்கு நீயும் வேணும்மா, அவனும் வேணும்.

— போன தடவைக்கு முந்தின தடவை வந்தப்பவும் என் பழைய மடிப்பு கலையாமத்தான் இருந்துச்சு. அன்னைக்கு பஸ்ல வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அழுதேன். பக்கத்துல இருந்தவங்க யாராச்சும் செத்துட்டாங்களான்னு கேட்டாங்க.

— அம்மா...

— என் பையனை மாத்திக் குடுன்னு சாமிகிட்ட முட்டிக்கிட்டேன். அப்புறம் எனக்குக் கண் ஆபரேஷன் ஆச்சு. உனக்குப் பரீட்சை வேலை, லீவு கிடைக்கல. அந்தப் பய லீவு போட்டுட்டு மாமா வீட்டுக்கே வந்து, மணி அடிச்ச மாதிரி சொட்டு மருந்து விட்டான். நான் கூட எந்தப் பேஷண்டுக்கும் அவ்வளவு பொறுமையா விட்டதில்ல. அதோட சாமியைத் தொந்தரவு பண்றதை விட்டுட்டேன்.

— மாமாவுக்குத் தெரிஞ்சா?

— கோயில் நிர்வாகத்துல முதல் ஆள் அவரு. ஊரே அவரைப் பார்த்தா எழுந்து நிக்கும். சும்மா விடுவாரா? எனக்கும் பயமாத்தான் இருக்கு, ராசா.

— அப்ப ஏதாவது சொல்லிச் சமாளிச்சுடும்மா. என்னை வெளியூருக்கு மாத்திட்டாங்கன்னு சொல்லு.

— இந்தப் பொண்ணைச் சமாளிச்சா அடுத்து இன்னொண்ணு வரும். அவளும் யாரோ பெத்த பொண்ணுதானே? இந்தா, போன் அடிக்குது. நீ வாயைத் திறக்காதே... அண்ணே. ம், கேட்டேண்ணே. வேணாம்னு சொல்லிடுங்க... இல்ல, எப்பவுமே வேணாம். அவனுக்கு ஆள் இருக்கு. ஆறு வருஷமா ஒண்ணாத்தான் இருக்காங்க... யாரா? என் கண்ணுக்கு மருந்து விட வந்துச்சே, அந்த லிப்ட் பையன்... கத்தாதீங்கண்ணே, ஆபரேஷன் கண்ணுலதான், காது நல்லாக் கேக்குது... சரி... சரிண்ணே. உடம்பைப் பாத்துக்கங்க.

— என்னம்மா சொன்னாரு?

— மூஞ்சியைத் துடைடா. அவன் படியேறி வர்றான்.

— அம்மா, வண்டி கீழ நிக்குது, பையைக் குடுங்க. என்ன ரெண்டு பேரும் இப்படி உட்கார்ந்திருக்கீங்க?

— வண்டிக்காரரைப் போகச் சொல்லிட்டு வா, ராசா. மாமா இனிமே அந்த வாசப்படி மிதிக்காதேன்னுட்டாரு. இந்தக் கட்டில் ஆறு வருஷமா சும்மாத்தானே கிடக்கு, நான் படுத்துக்கறேன்.