மிட்டாயின் இடது காது

கோவத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்ல... அதுக்கு ஒரு சின்னக் கதை சொல்லிடுறேன். கொஞ்சம் பயமா இருக்கும். புள்ளைங்களைப் பக்கத்துல உக்கார வச்சுக்கோங்க.

கோவில்பட்டியில அய்யாத்துரைன்னு ஒருத்தர். சம்சாரம் செண்பகவல்லி. ஒரே பொண்ணு யாழினி, ஏழு வயசு. வீட்டுல ஒரு நாய். தொங்குன காது, பாகு நிறம். பொண்ணு வச்ச பேரு மிட்டாய்.

ஒருநாள் காலையில அந்த நாய் தலையை உதறுது... உதறுது... உதறிக்கிட்டே இருக்குது. சோத்தை மோந்துகூடப் பாக்கல. தலையை ஒருபக்கமாச் சாய்ச்சு, சுவரோரமாவே நடக்குது. பொண்ணு என்ன பண்ணுச்சு? "என்னடா மிட்டாய்?"னு காதைத் தடவுச்சு.

ஒரே கவ்வு!

மணிக்கட்டுல ரத்தம். பெத்தவளுக்கு எப்படி இருக்கும்? சோப்புப் போட்டுக் குழாயடியில கழுவுறா, கழுவுறா, கழுவிக்கிட்டே இருக்கா. நாயைக் குளியலறைக்குள்ள தள்ளித் தாழ்ப்பாள் போட்டுட்டு, பொண்ணைத் தூக்கிக்கிட்டு ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்கு ஓடுனா.

தெருவே கூடிருச்சு. எதுத்த வீட்டு சுடலைமுத்து கத்துறாரு: "அண்ணாச்சி, வெறி புடிச்சிருச்சு! கதவைத் தொறங்க, அடிச்சுப் போட்டுருவோம்!" எல்லார் கையிலயும் கம்பு. யார் கையில இல்ல சொல்லுங்க? அய்யாத்துரை கையிலயும் இருந்துச்சு!

உள்ள இருந்து சத்தம் வருது... டொக்... டொக்... நாய் தலையைச் சுவத்துல மோதுது. ஒவ்வொரு மோதலுக்கும் வெளியில நிக்கிறவங்க ஒரு அடி பின்னால போறாங்க.

அப்ப போன் அடிக்குது. செண்பகவல்லி. "ஏங்க, அதை அடிக்க விட்டுறாதீங்க! அது உயிரோட இருக்கணுமாம்... பத்து நாள் கவனிக்கணும்னு இங்க டாக்டர் சொல்றாரு. அப்பதான் நம்ம புள்ளைக்கு என்னன்னு தெரியுமாம்!"

அய்யாத்துரை கதவுக்கு முதுகைக் குடுத்து நின்னுட்டாரு. முன்னால கம்பு... பின்னால டொக், டொக். மாட்டாஸ்பத்திரிக்குப் போன் போட்டாரு. டாக்டரம்மா ஞானசுந்தரி வந்தாங்க. ஜன்னல் வழியா ரொம்ப நேரம் பாத்தாங்க.

"டாக்டரம்மா... வெறிதானா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். காதுல உண்ணி ஏறியிருக்கலாம். குளிப்பாட்டுன தண்ணி தங்கிச் சீழ் வச்சிருக்கலாம். ஏதாவது உள்ள போயிருக்கலாம். இடது காதை மட்டும் தரையில தேய்க்குது பாருங்க."

கையுறை போட்டு, சுருக்குக் கயிறு வீசி, வாயைக் கட்டி, ஊசி போட்டு மயங்க வச்சாங்க. காதைப் புரட்டுனா... ஒரே நாத்தம், சீழ். இடுக்கியை உள்ள விட்டு மெல்ல இழுத்தாங்க. வந்தது என்ன? ஊசிப்புல்லு! காட்டுப்பக்கம் போனா வேட்டியில குத்துமே, அதே புல்லு. முனை காதுக்குள்ள குத்தி நின்னுருக்கு.

எல்லாரும் சிரிச்சுக்கிட்டே கம்பைக் கீழ போட்டாங்க. டாக்டரம்மா மட்டும் சிரிக்கல. "புல்லு இருந்ததால வெறி இல்லன்னு ஆயிராது. பாப்பாவுக்கு ஊசி எல்லாத்தையும் போட்டு முடிங்க. நாயைக் கட்டி வச்சுக் கவனிங்க."

அதுக்கப்புறம் அந்தத் தாய் பட்ட பாடு இருக்கே! விடிஞ்சா முதல்ல நாயைப் பாப்பா. தண்ணி குடிக்குதா... நிக்குதா... அப்புறம் பொண்ணு நெத்தியைத் தொட்டுப் பாப்பா. டாக்டர் சொன்ன கெடு முடிஞ்ச அன்னைக்கு மிட்டாய் தட்டு நிறையச் சோறு தின்னுச்சு. அவ அங்கேயே உக்காந்து அழுதுட்டா.

அய்யாத்துரை என்கிட்டச் சொன்னாரு: "ஐயா, போன் வர கொஞ்சம் தாமதமாகியிருந்தா, முதல் அடி நான்தான் அடிச்சிருப்பேன்."

பயப்படாதீங்கன்னு நான் சொல்லல, தாய்மார்களே. கடிச்சா கழுவணும், ஊசி போடணும், கதவைச் சாத்தணும். ஆனா உங்க வீட்டுல ஒருத்தர் தட்டை வீசுறாரே... தொட்டாலே சீறுறானே ஒரு மகன்... அவனுக்கு வெறின்னு பேர் வச்சாச்சு. எங்க வலிக்குதுன்னு கேட்டீங்களா? கேட்டாச் சொல்லமாட்டான். அந்த நாயும் சொல்லல. தலையைத்தான் சாய்ச்சுது.

வீட்டுக்குப் போங்க. யார் எந்தப் பக்கம் தலையைச் சாய்க்கிறாங்கன்னு பாருங்க.