மப்ரூக்காவுக்குக் கொடுத்த மட்டி

எனக்கு மட்டி பிடிக்காது. ஸ்ஃபாக்ஸ் கடற்கரையில் பிறந்தவன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். நீங்களும் சிரிக்கலாம், இன்ஸ்பெக்டர் ஐயா.

பத்தொன்பது வருடமாகக் கடல் ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஒரே வேலை. வளைகுடாவில் தண்ணீரைச் சிவக்கவைக்கும் பாசியின் நஞ்சைப் பிரித்தெடுத்து, மீன் முட்டைகள் கிடக்கும் தட்டில் மிகக் குறைவாகக் கலந்து பார்ப்பேன். முட்டை சாகாது. கரு வளரும், இதயம் துடிக்கும். இரண்டாம் நாள் வால் வெட்டி வெட்டி இழுக்கும். பொரிந்து வரும் குஞ்சின் முதுகு வளைந்திருக்கும். நேராக நீந்தத் தெரியாமல் வட்டமடித்தே சாகும்.

தண்ணீர் சிவந்தால் மட்டி எடுக்கத் தடை உண்டு. நிறம் மறைந்ததும் நீக்கிவிடுவார்கள். மட்டிக்குள் நஞ்சு மாதக்கணக்கில் தங்கும், கர்ப்பிணிகள் தொடவே கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். இயக்குநர் ரவூஃப் காகிதத்தைத் திருப்பித் தந்தார்.

"மீன் குஞ்சு கோணலா பொறந்ததுக்கு ஊரையே பயமுறுத்துவியா? மனுஷக் குழந்தைக்கு ஆச்சுன்னு ஒண்ணு காட்டு, பார்க்கலாம்."

நியாயமான கேள்வி. அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

கீழ்வீட்டு மப்ரூக்காவுக்கு அப்போது மூன்றாம் மாதம். கணவன் கப்பலில் வேலை. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பை மட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். தக்காளியோடு வேகவைத்துக் குஸ்குஸ் ரவைச் சோற்றின்மேல் ஊற்றிச் சாப்பிடுவாள். அவளுடைய அக்கா ஹெதியாவுக்குத்தான் என்னைக் கண்டால் ஆகாது. ஒருநாள் வாசலை மறித்து நின்றாள்.

"சந்தையில மூணு வாரமா மட்டி இல்ல. உங்களுக்கு மட்டும் எங்கருந்து வருது?"

"ஆய்வுக்கூடத்தில சோதிச்சதும்மா."

"அப்ப நீங்களும் உட்காருங்க. ஒரு தட்டு போடறேன்."

"வயித்துப் புண். டாக்டர் வேண்டாம்னுட்டார்."

"போன மாசம் பிடிக்காதுன்னீங்க."

மப்ரூக்காதான் அதட்டினாள். "நீ சும்மா இரு அக்கா. போலீஸ்ல சேர வேண்டியவ. தப்பா எடுத்துக்காதீங்கண்ணே."

சோதித்தது உண்மைதான். தடை போட்ட கரையில் நானே எடுத்து, நானே சோதித்தேன்.

பையன் பிறந்தான். பால் உறிஞ்சத் தெரியவில்லை. விரல்கள் வெட்டி வெட்டி இழுத்தன. மருத்துவர்களுக்குக் காரணம் பிடிபடவில்லை. நான் பாதாம் மிட்டாயோடு போய்த் தொட்டிலருகே நின்றேன்.

"குழந்தையைப் பார்க்க வந்தவரு எதுக்கு வாட்சைப் பார்க்கறீங்க?" என்றாள் ஹெதியா.

நிமிடத்துக்கு எத்தனை இழுப்பு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நான் கை கழுவப் போன நேரத்தில், நாற்காலியில் விட்டிருந்த என் கோட்டுப் பையிலிருந்து குறிப்பு நோட்டை எடுத்துவிட்டாள். இடப்பக்கம் மீன் கரு, வலப்பக்கம் மப்ரூக்கா, வாரம் வாரமாக. அதைத்தான் உங்களிடம் கொண்டுவந்திருக்கிறாள்.

ஆம், முதல் பையிலிருந்தே தெரிந்துதான் கொடுத்தேன். ரவூஃப் கேட்டது இப்போது கையில் இருக்கிறது. இனி தடை நீளும்; எத்தனையோ பிள்ளைகள் தப்பும்.

ஒரே ஒரு வேண்டுகோள். என் ஆய்வறிக்கை வெளியாகும்போது மப்ரூக்காவின் பெயர் அதில் வரக் கூடாது. அந்தக் குடும்பத்துக்கு என்னால் ஒரு சங்கடம் வந்தால் எனக்குத் தாங்காது.