முன்னால் நடப்பவர்

காலை நடை உடம்புக்கு நல்லது. மின்வாரியக் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றதும் டாக்டர் சொன்னார். நானும் விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் மைதானத்தில் நடக்க ஆரம்பித்தேன்.

அங்கே எங்கள் குழுவில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பிள்ளை ஐ.ஐ.டி. படித்த ஊர்தான் பெயர். ரயிலில் திண்டிவனத்தைத் தாண்டியிராத கோதண்டபாணி எங்களுக்குக் கான்பூர். மகள் பானுப்ரியா டெல்லியில் படித்ததால் நான் டெல்லி. கரக்பூருக்கு மூட்டுவலி, இன்று வரவில்லை என்றால் எல்லோருக்கும் புரியும். எந்தக் கல்லூரியில் படித்தால் என்ன சம்பளம் என்பது ஒன்றே பேச்சு. அதிகம் வாங்கும் பிள்ளையின் அப்பா முன்னால் நடப்பார். குறைவாக வாங்கும் பிள்ளையின் அப்பா கடைசியில் வந்து எல்லோருக்கும் டீ வாங்கித் தருவார். யாரும் போட்ட சட்டமில்லை. கால்கள் தாமாக அப்படி அமைந்துவிடும்.

பானுவுக்குக் கல்லூரியிலேயே நாற்பத்திரண்டு லட்சத்தில் வேலை வந்தது. ஒரு வாரம் முன்னால் நடந்தேன். பிறகு அவள் அதை வேண்டாமென்றுவிட்டு, ஒலக்கூர் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனிக்கு மேனேஜராகப் போனாள். மாதம் இருபத்திரண்டாயிரம். இந்த வருஷம் மூட்டைக்கு நல்ல விலை கிடைத்ததாம். பெண்கள் தூக்குவாளியில் கேப்பைக் கூழ் கொண்டுவந்து தருகிறார்களாம். போனில் சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. ஆனால் நான் கடைசியில் நடந்துகொண்டிருந்தேன்.

"டெல்லின்னா ஒசத்தின்னு நெனச்சிக்கினு இருந்தோம் சார்," என்றார் கான்பூர், என் செலவில் வந்த டீயை உறிஞ்சியபடி. "மல்லாட்டை ஒடைக்கறதுக்கு அம்மாந்தூரம் போவணுமா?"

என்னை விடுங்கள். அந்தக் கல்லூரியின் சராசரிச் சம்பளம் என்ன ஆவது? அதைப் பார்த்துப் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் எத்தனை பேர்? ஒருத்தி கீழே இழுத்தால் எல்லோருக்கும் நஷ்டம். இது பொதுநலம் சம்பந்தப்பட்ட விஷயம்.

அதனால் திண்டிவனத்தில் ஒரு கடையில் பேனர் அடித்தேன். ஆண்டுக்கு நாற்பத்திரண்டு லட்சம் ஊதியம் கண்ட எங்கள் குலவிளக்கு பானுப்ரியாவை வாழ்த்துகிறோம் என்று. பொய் எதுவும் இல்லை. அந்தத் தொகை வந்தது உண்மை. வேண்டாமென்று விட்டதை எழுத இடமில்லை. என் மச்சான் ஆனந்தராஜ் கூலிங்கிளாஸோடு பாதிப் பேனரை அடைத்துக்கொண்டிருந்தார்.

"வூடு விழுப்புரம், பேனரு ஒலக்கூர்லயா சார்?" என்று கடைக்காரர் கேட்டார். வேலை பார்க்கும் இடத்தில்தானே மரியாதை வேண்டும் என்றேன். அவள் ஆபீசுக்கு நேர் எதிரே கட்டச் சொன்னேன். மல்லாட்டையைக் கம்பெனியில் போட்டுவிட்டு விவசாயிகள் பணத்துக்குக் காத்திருந்த வாரம் அது. வாரத்தைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான்.

மறுநாள் நடையின்போது போன் வந்தது. கம்பெனித் தலைவி வீரம்மாள். பின்னால் கூட்டத்தின் இரைச்சல்.

"ஐயா, பாப்பா இருவத்திரெண்டாயிரந்தான்னு சொல்லுது. ஜனங்க நம்ப மாட்டேங்குறாங்க. எங்க மல்லாட்டைக் காசுல நாப்பத்திரெண்டு லட்சம் எடுத்துக்குதான்னு கேக்குறாங்க. நீங்க பெத்தவரு. ஒரு வார்த்தை சொன்னா போதுங்க."

பிறகு பானுவின் குரல். "சொல்லுப்பா."

கான்பூர் நின்று காது கொடுத்தார். கரக்பூரும் நின்றார்.

"போட்டிருக்கறது சரிதாம்மா," என்றேன்.

வரவுசெலவைப் புரட்டிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும். கோபத்தில் இருப்பவர்கள் புரட்ட மாட்டார்கள் என்பது மின்வாரியத்தில் நான் கற்றது. அன்று மதியமே அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். கூழ் கொண்டுவந்தவர்கள்தான் முன்னால் நின்றார்களாம்.

இப்போது பெங்களூரில் இருக்கிறாள். நாற்பத்தைந்து லட்சம். கான்பூர் எனக்குப் பின்னால் நடக்கிறார்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை என்று மனைவி குறைப்படுகிறாள். அது சரியல்ல. பள்ளியில் படிக்கும்போது நான் திறந்து கொடுத்த வங்கிக் கணக்குதான் இன்னும் அவளுக்கு. அதில் என் போன் நம்பர் இருக்கிறது. மாதம் பிறந்து சம்பளம் ஏறியதும் எனக்குத்தான் முதலில் செய்தி வரும். நல்லா இருக்கேன்ப்பா என்று ஒரு மகள் வேறு எப்படிச் சொல்வாள்?

இந்த மாதச் செய்தி இன்னும் வரவில்லை. மைதானத்தில் டவர் சரியாகக் கிடைப்பதில்லை. அதனால் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் முன்னால் நடக்கிறேன்.