பாஸான மண்

அவிநாசியிலிருந்து திருப்பூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரம் ஒரு பனியன் கம்பெனி முதலாளி, மடியில் கனமான துணிப்பை. பக்கத்தில் அவருடைய தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்துக்காரர்.

"எங்க மண்ணு டெஸ்ட்டுல பாஸுங்க. மக்காச்சோளந்தான் பெயிலாயிருச்சு," என்றார் முதலாளி.

"அப்போ, சோளத்துக்கு டியூஷன் வையுங்க."

"சத்து நெறைய இருக்குது, உரமே வேண்டாம்னு ரிப்போர்ட்டுங்க. நானும் போடலை. கதிரு சுண்டுவெரல் தண்டிதான் வந்துச்சு."

"டெஸ்ட்டுக்கு மண்ணு எங்கீங்க எடுத்தீங்க?"

"எருக்குழி ஓரத்துலீங்க."

"அத்தனை காடு கெடக்குது, எருக்குழிதான் கெடைச்சுதாக்கும்?"

"பனியன் வாங்கற பையருக்குச் சாம்பிள் அனுப்பறப்ப இருக்கறதுலயே நல்ல பீஸைத்தானுங்களே அனுப்புவோம்?"

"சரிதானுங்க. மண்ணைப் பார்த்த ஆபீசர் ஆர்டர் கொடுத்துட்டாருங்களா?"

முதலாளிக்குக் கோபமே வரவில்லை. மடியிலிருந்த பையைச் செல்லமாகத் தட்டினார்.

"இந்தத் தடவை எருக்குழிப் பக்கமே போகலீங்க. நல்லா வெளைஞ்ச எடத்து மண்ணாப் பார்த்து அள்ளியாந்துட்டேன்."

"உங்க காட்டுல எங்கீங்க நல்லா வெளைஞ்சுது?"

"எங்க காட்டுல இல்லீங்க, உங்க காட்டுலதான். காலைல நீங்க சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போயிருந்தீங்க."